ஒருவரே ஊதிய கூட்டிசை

பத்திரிகையில் வெளிவந்த தவறை அடுத்த நாளே திருத்திவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் எழுதப்படாத விதி. நான் செய்த தவறு ஒன்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் திருத்தப்படாமலே கிடக்கின்றது. அது அரசியல் தவறன்று. எவருடைய பெயருக்கும் களங்கம் விளைவித்த தவறுமன்று. ஆயினும் அச்சில் ஏறிய பிழை பிழைதான்.

எண்பதுகளின் பிற்பகுதியில் கொழும்பில் நான் பணியாற்றிய பத்திரிகையின் ஞாயிறு இதழில் பிறநாட்டு இசை பற்றி அவ்வப்போது சிறு குறிப்புகள் எழுதி வந்தேன். ஆசிரியபீடத்தில் வேறெவரும் அப்பொறுப்பை ஏற்க முன்வராததே அதற்குக் காரணமேயன்றி எனது புலமையன்று. எங்களோடு ஒப்புநோக்காளராகப் பணியாற்றி, 1983 இன் பின்னர் நாட்டைவிட்டுச் சென்ற நண்பர் ஒருவர், நோர்வேயின் வடகோடியில் மீன் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். அவர் எனக்கு ஒலிநாடா ஒன்றை அனுப்பியிருந்தார். உறை இல்லை, பெயர் விவரமும் இல்லை. ஒரு பக்கத்தில் நீலமையால் 'ஒஸ்லோ, 1979' என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது. கேட்டேன், வியந்தேன், எழுதினேன். "நால்வர் கொண்ட இக்குழுவினரிடையே நிலவும் ஒத்திசைவு வியக்கத்தக்கது" என்பது என் குறிப்பின் முதல் வரி.

ஒரு மாதம் கழித்து நண்பரின் கடிதம் வந்தது. "அண்ணை, நீங்கள் எழுதின நாலு பேரும் ஒரே ஆள்தான். தட்டின்ரை உறையிலை ஒரு பேர்தான் கிடக்குது. பிழை திருத்தம் போடுங்கோ" என்று எழுதியிருந்தார். நாட்டைவிட்டுப் போன பின்னரும் ஒப்புநோக்காளர் ஒப்புநோக்காளரே. ஆனால் அக்காலத்தில் நாள்தோறும் மரணச் செய்திகளுக்கே பக்கங்கள் போதாமலிருந்தன. இசைக்குறிப்பு ஒன்றுக்குத் திருத்தம் போடுவதற்கு ஆசிரியரிடம் இடம் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆகவே இதனையே அத்திருத்தமாக வாசகர்கள் கொள்ளவேண்டும்.

அந்த ஒருவரின் பெயர் ஜோன் சேர்மன். இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவன் பகுதியில், டாவிஸ்டொக் என்னும் சிற்றூரில் 1944 ஓகஸ்ட் 30 ஆம் திகதி பிறந்தவர். இசைத்தட்டின் பெயர் 'அப்பொன் ரிஃப்ளெக்‌ஷன்'. 'எண்ணிப் பார்க்கையில்' என்று இதனைத் தமிழாக்கலாம்; ஆனால் கண்ணாடியில் தெரியும் பிம்பம் என்னும் இரண்டாவது பொருளும் அந்த ஆங்கிலச் சொல்லில் ஒளிந்திருக்கின்றது. 1979 மே மாதம் ஒஸ்லோவின் டலன்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில், யான் எரிக் கொங்ஸ்ஹௌக் என்னும் பொறியியலாளர் பதிவுசெய்ய, ஜேர்மனியின் ஈ.சி.எம். நிறுவனத்திற்காக மன்பிரெட் ஐஷர் தயாரித்தார். சொப்ரானோ சாக்ஸபோன், பரிட்டோன் சாக்ஸபோன், பாஸ் கிளாரினெட், சிந்தசைசர் ஆகிய அனைத்தையும் வாசித்தவர் சேர்மன் மட்டுமே.

சாக்ஸபோன் பித்தளையால் ஆனது. எனினும் நாணற் சீவாளியின் அதிர்வினால் ஒலிப்பதால் மேலைநாட்டார் அதனைக் கிளாரினெட், ஓபோ முதலியவற்றோடு மரத்துளைக் கருவிகளின் குடும்பத்திலேயே சேர்ப்பர். தமிழர்க்கு அக்கருவியை நெருக்கமாக்கியவர் கத்ரி கோபால்நாத். அவர் வாசித்தது இக்குடும்பத்தின் இடைநிலை உறுப்பினரான ஆல்ட்டோவை. சேர்மனின் பரிட்டோனோ மார்பளவு உயரமுள்ள கனத்த கருவி; அடித்தொண்டைக் குரல் அதற்கு. ஜாஸ் இசையில் அதற்கு மதிப்பைத் தேடித் தந்தவர் டியூக் எலிங்டனின் குழுவில் 1927 முதல் தம் வாழ்நாளின் இறுதிவரை வாசித்த ஹரி கார்னி. எலிங்டன் 1963 இல் அமெரிக்க அரசின் அனுசரணையுடன் ஆசியப் பயணம் மேற்கொண்டபோது சென்னைக்கும் கொழும்புக்கும் வந்தார். கார்னியும் உடன் வந்தார். கார்னி கீழ்த் தளத்திலே நிலைநிறுத்திய அக்கருவியைச் சேர்மன் சொப்ரானோவின் உச்சங்களுக்கே ஏற்றிக் காட்டினார். 1968 இல் சுவிற்சர்லாந்தின் மொன்ட்ரோ விழாவில் மைக் வெஸ்ட்புரூக்கின் குழுவோடு வாசித்தபோது சிறந்த தனிவாசிப்பாளர் என்னும் விருது அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 23.

இனி, என் தவறுக்குத் திரும்புகிறேன். ஒருவரே நால்வராக ஒலிப்பது ஒலிப்பதிவுத் தொழில்நுட்பத்தின் விளைவு. முதலில் ஒரு கருவியைப் பதிவுசெய்து, அதனைக் காதில் கேட்டபடியே அடுத்த கருவியை அதன்மேல் பதிவுசெய்வது. சினிமாப் பாடல்கள் அனைத்தும் இன்று அவ்வாறே உருவாகின்றன. எவரும் குறை சொல்வதில்லை. ஆனால் ஜாஸ் உலகில் அது நெடுங்காலம் ஒரு குற்றமாகவே கருதப்பட்டது. ஏன் என்பதைச் சொல்லாவிட்டால் இந்த இசைத்தட்டின் துணிச்சல் விளங்காது.

இந்தத் துணிச்சலின் முன்னோடி சிட்னி பெஷே. நியூ ஓர்லியன்ஸில் பிறந்த கிளாரினெட், சொப்ரானோ மேதை. 1941 ஏப்ரலில் விக்டர் நிறுவனத்திற்காக 'த ஷேக் ஒவ் அரபி' என்னும் பாடலைக் கிளாரினெட், சொப்ரானோ, டெனர் சாக்ஸபோன், பியானோ, பாஸ், டிரம்ஸ் என ஆறு கருவிகளிலும் தாமே வாசித்தார். ஒலிநாடா புழக்கத்துக்கு வராத காலம் அது. ஒரு தட்டை ஒலிக்கவிட்டு, அதனோடு சேர்ந்து வாசித்து, இன்னொரு தட்டில் பதியவேண்டும். ஒவ்வொரு படியிலும் முந்திய ஒலி மங்கும், இரைச்சல் கூடும். எங்கள் பழைய பத்திரிகைக் காரியாலயத்தில் கார்பன் தாளின் கீழ் ஐந்தாவது பிரதி எப்படியிருக்கும் என்பதை அறிந்தவர்களுக்கு இது புரியும்.

இசைஞர்களின் அச்சம் வேறு. ஒருவர் அறுவரின் வேலையைச் செய்தால் மற்றைய ஐவரும் எங்கே போவது? இயந்திரத்தில் பதிந்த இசை உயிருள்ள இசைஞரின் பிழைப்பைப் பறிக்கும் என்னும் அச்சம் அமெரிக்க இசைஞர் சங்கத்தை ஆட்டிப்படைத்த காலம் அது. அதற்கு அடுத்த ஆண்டு, 1942 ஓகஸ்ட் முதல், சங்கத் தலைவர் ஜேம்ஸ் பெட்ரிலோவின் ஆணைப்படி உறுப்பினர்கள் ஒலிப்பதிவுக்குச் செல்வதையே நிறுத்தினார்கள். பெரிய நிறுவனங்கள் சில 1944 நவம்பர் வரை பணியவில்லை. அச்சுக்கோப்பாளர்கள் கணினியைக் கண்டு அஞ்சிய காலத்தை அருகிருந்து பார்த்தவன் நான். அந்த அச்சத்தை எள்ளி நகையாட என்னால் முடியாது.

இரண்டாவது ஆட்சேபம் கலை சார்ந்தது, அதுவே ஆழமானது. ஜாஸ் என்பது உரையாடல். ஒருவர் வினவ மற்றவர் விடையிறுப்பார். அவ்விடை எப்படியிருக்கும் என்பது வினவியவருக்குத் தெரியாது. தெரியாமையே அதன் உயிர். நேற்றுப் பதிந்த தன் குரலோடு இன்று பேசுபவர் எவரோடும் பேசவில்லை என்றனர் விமர்சகர்கள். பியானோக் கலைஞர் லெனி ட்ரிஸ்டானோ 1955 இல் தம் வாசிப்பின்மீது தாமே வாசித்துப் பதிந்தபோதும், நாடாவின் வேகத்தை மாற்றியபோதும் பெரும் சர்ச்சை எழுந்தது. பில் எவன்ஸ் 1963 இல் மூன்று பியானோக்களையும் தாமே வாசித்து வெளியிட்ட இசைத்தட்டு கிராமி விருது பெற்ற பின்னர்தான் சர்ச்சை சற்று அடங்கிற்று. அதன் பெயரே 'என்னோடு நான் நடத்திய உரையாடல்கள்' என்னும் பொருளுடையது. குற்றச்சாட்டையே தலைப்பாகச் சூடிக்கொண்டார் மனிதர்!

சேர்மனுக்கு இந்தத் தனிமை எவ்வாறு வாய்த்தது? தேடிப் போனதும் உண்டு. வந்து சேர்ந்ததும் உண்டு.

1969 இல் அமெரிக்கர்களான பாஸ் கலைஞர் பாரி பிலிப்ஸ், டிரம்ஸ் கலைஞர் ஸ்டு மார்ட்டின் ஆகியோருடன் சேர்ந்து 'த ட்ரையோ' என்னும் மூவர் குழுவை அமைத்தார். பிரித்தானியாவில் இத்தகைய இசைக்கு வாய்ப்புகள் அருகியிருந்தமையால் அவர்கள் ஐரோப்பியக் கண்டத்தையே தளமாகக் கொண்டனர். இந்தப் பிலிப்ஸைப் பற்றி ஒரு செய்தி சொல்லவேண்டும். அவர் 1968 இல் இலண்டன் தேவாலயம் ஒன்றில் தனியே பாஸ் வாசித்துப் பதிவுசெய்தார். இலத்திரனியல் இசை அமைப்பதற்கான மூலப்பொருளாகவே அப்பதிவு கருதப்பட்டது. இயந்திரத்தில் இட்டு அரைப்பதற்கான நெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவர்கள், இதை அரைக்கவேண்டியதில்லை, இப்படியே வெளியிடலாம் என்றனர். தனி பாஸ் வாசிப்பின் முதல் இசைத்தட்டு என்று இன்று வரலாறு அதனைக் குறிக்கிறது. தனிமை, இயந்திரம் என்னும் இரண்டு வித்துகளும் சேர்மனின் அருகிலேயே அன்று கிடந்தன என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மூவர் குழு ஓய்ந்த பின் 1972 இல் 'வெஸ்டெரிங் ஹோம்' என்னும் தட்டில் சேர்மன் முதன்முதலாகத் தம்மேல் தாமே அடுக்கி வாசித்தார். அது ஒரு பரிசோதனை. சில இடங்களில் பரிசோதனைக் கூடத்தின் நெடியும் அடிக்கும். அதன்பின் 1973 இல் அலன் ஸ்கிட்மோர், மைக் ஒஸ்போர்ன் ஆகிய சாக்ஸபோன் கலைஞர்களோடு இணைந்தார். மூவரின் குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளால் அமைந்த அக்குழுவின் பெயர் 'எஸ்.ஓ.எஸ்.', கடலில் மூழ்கும் கப்பலின் அபயக்குரல் அது. பாஸ் இல்லை, பியானோ இல்லை; பெரும்பாலும் ஊதுகருவிகள் மட்டுமே. தாளத்தின் இடத்தை நிரப்பச் சேர்மன் சிந்தசைசரைக் கொண்டுவந்தார். 1975 இல் ஒரேயொரு தட்டை வெளியிட்டபின் அக்குழு நெடுநாள் நிலைக்கவில்லை. ஒஸ்போர்னை மனநோய் பீடித்தது. 1982 உடன் அவர் வாசிப்பை முற்றாக நிறுத்திக்கொண்டார். 2007 இல் காலமானார். ஐரோப்பாவிலே அவரைப்போல் ஆல்ட்டோ ஊதியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள்.

அந்தச் சிந்தசைசரைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். இலண்டனின் பட்னி பகுதியில் பீட்டர் சினோவியெவ் நடத்திய ஈ.எம்.எஸ். நிறுவனம் 1969 இல் மேசைமேல் வைக்கத்தக்க சிந்தசைசரை விற்கத் தொடங்கிற்று. 1972 இல் கைப்பெட்டிக்குள் அடங்கும் ஒன்றை வெளியிட்டது. அதுவரை அறை நிறைய நின்ற இயந்திரத்தை ஓர் இசைஞர் புகைவண்டியில் தூக்கிச்செல்ல முடிந்தது. அப்பெட்டியில் நினைவகமும் இருந்தது. ஒரு சுரக்கோவையை அதற்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால் சளைக்காமல், மூச்சு வாங்காமல், திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டேயிருக்கும்.

1974 முதல் 1979 வரை பாரிஸ் ஒப்பேரா அரங்கில் அமெரிக்க நடனக் கலைஞர் கரோலின் கார்ல்ஸனின் குழுவுக்குச் சேர்மன் இசை வழங்கினார். அவருடைய தனியிசை முதிர்ந்தது அங்கேதான் என்பது என் கணிப்பு. நடனம் ஆடுபவருக்கு மாறாத அடித்தளம் வேண்டும். அதேவேளை அன்றைய உடலின் அன்றைய அசைவுக்கு ஈடுகொடுக்கும் குரலும் வேண்டும். முதலாவதை இயந்திரத்திடம் ஒப்படைத்தார். இரண்டாவதைத் தம் மூச்சில் வைத்துக்கொண்டார்.

இவ்விடத்தில் எங்கள் கோவில் வீதிகள் என் நினைவுக்கு வருகின்றன. நாதஸ்வரக் கச்சேரியில் பின்னால் நின்று ஆதாரசுருதியை மட்டும் இடைவிடாது ஊதும் ஒத்துக்காரரை வாசகர்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்செடுத்து, ஒலி அறாமல் மணிக்கணக்காக ஊதுவார். அவருக்கு ஆலாபனை இல்லை, கைதட்டலும் இல்லை. அவர் நிறுத்தினால் கச்சேரி நிலைகுலையும். பின்னர் சுருதிப்பெட்டி வந்தது, அதன்பின் இலத்திரனியல் சுருதிப்பெட்டி வந்தது, ஒத்துக்காரர் போய்விட்டார். 'ஒத்து ஊதுதல்' என்னும் ஏளன வழக்கு மட்டும் எஞ்சியது, பெரும்பாலும் எங்கள் அரசியல் பத்திகளில்.

சேர்மனின் சிந்தசைசர் அந்த ஒத்துதான். ஆனால் ஒற்றைச் சுரத்தை அல்ல, சுழலும் சுரக்கோவை ஒன்றை அது ஊதுகிறது. தட்டின் முதல் உருப்படியான 'எட்ஜஸ் ஒவ் இல்யூஷன்' சுமார் பத்து நிமிடம் நீள்வது. நீர்ப்பரப்பில் வெயில் சிதறுவதுபோல் இயந்திரம் சிறு சிறு சுரங்களை உதிர்த்துக்கொண்டேயிருக்க, தாழ்ந்த குரல்கள் மெல்ல எழுந்து பரவுகின்றன. அவற்றின் மேலே சொப்ரானோ தன்னை மறந்து திரிகிறது. நான் 'நால்வர்' என்று எழுதியது இதைக் கேட்டுத்தான். இப்போது கேட்கும்போது ஒன்று தெளிவாகிறது. இயந்திரம் ஒருபோதும் விடையிறுப்பதில்லை. விடையிறுப்பவை ஊதுகருவிகள் மட்டுமே. அவை ஒன்றையொன்று முந்திச் செல்லாமல், ஒன்று மூச்சுவிடும் இடத்தில் மற்றது நுழைகிறது. தன்னோடு தான் வாசிப்பவருக்கு அடுத்த சுரம் தெரியும் என்பது உண்மைதான். அதை அறிந்துகொண்டே காத்திருக்கிறார் அவர், ஆத்திரப்படுவதில்லை.

இத்தகைய தட்டுகளை எழுபதுகளில் வேறு பலரும் முயன்றனர். அமெரிக்கரான டெரி ரைலி சேர்மனுக்கு முன்பே, 1969 இல், இரண்டு ஒலிநாடாக் கருவிகளைத் தொடுத்துத் தம் சொப்ரானோவைத் தாமே எதிரொலிக்கச் செய்திருந்தார். சேர்மனின் சுழலும் சுரக்கோவைகளில் ரைலியின் சாயல் உண்டு என்பதை மறைக்கவேண்டியதில்லை. அந்தனி பிராக்ஸ்டன் எந்த இயந்திரமும் இன்றி, தனி ஆல்ட்டோவினால் மட்டுமே இரட்டைத் தட்டு ஒன்றை நிரப்பி 1971 இல் வெளியிட்டார். அதனை ஒரே இருப்பில் கேட்டு முடிக்க எனக்கு இன்றளவும் இயலவில்லை. ஈ.சி.எம். நிறுவனம் தனி வாசிப்புக்கு முன்னரே கதவைத் திறந்திருந்தது. 1975 ஜனவரியில் கீத் ஜாரெட் கொலோன் நகரில் தனியே வாசித்த பியானோக் கச்சேரியின் தட்டு அந்நிறுவனத்துக்குப் பெரும் வெற்றியை ஈட்டித் தந்திருந்தது. தனியொருவரின் இசையை விற்க முடியாது என்று எவரும் இனிச் சொல்வதற்கில்லை.

ஆயினும் அக்காலச் சிந்தசைசர் இசையில் பெரும்பகுதி இன்று கேட்கச் சகிக்கவில்லை. எழுபதுகளின் அகன்ற சட்டைக் கொலர்போல, பார்த்தவுடன் ஆண்டு தெரிந்துவிடுகிறது. புதிய இயந்திரம் கையில் கிடைத்தவர்கள் அது என்னவெல்லாம் செய்யும் என்று காட்ட விரும்பினார்கள். சேர்மன் அதனை ஒத்துக்காரரின் இடத்தைவிட்டு முன்னே வர விடவில்லை. ஐஷரின் தயாரிப்பு முறையும், ஒலிக்கு நடுவே மௌனத்தைப் பதிவுசெய்யத் தெரிந்த கொங்ஸ்ஹௌக்கின் செவியும் அதற்குத் துணைநின்றன.

தட்டின் நடுவே ஒரு குட்டி உருப்படி வருகிறது. 'கேத்னஸ் டு கெரி' என்று பெயர். கேத்னஸ் ஸ்கொட்லாந்தின் வடகோடி. கெரி அயர்லாந்தின் தென்மேற்கு மூலை. அதில் இயந்திரம் இல்லை, மேலடுக்கும் இல்லை. ஒரு மனிதர், ஒரு சொப்ரானோ, நாட்டுப்புறத் துள்ளலாட்டம் ஒன்றின் நடை. சிறுவயதில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடிய டெவன் பையனின் குரல் அதில் கேட்பதாக எனக்கு ஒரு பிரமை. 'பிரெலூட் அண்ட் றஸ்ரிக் டான்ஸ்' என்பதிலும் ஜாஸைவிட இங்கிலாந்துக் கிராமமே முன்னிற்கிறது. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசையைக் கற்ற பிரித்தானியர் ஒருவர், நியூயோர்க்கைப் பாவனை பண்ணாமல் தம் ஊர்வழி நடந்து அந்த இசைக்குள் நுழைந்தார் என்பதே இத்தட்டின் பெறுமதி. பின்னர் 1990 இல் வெளிவந்த 'றோட் டு செயின்ட் ஐவ்ஸ்' கோர்ன்வால் ஊர்களின் பெயர்களைச் சூடியது. 2012 இல் வெளிவந்த 'சோல்டாஷ் பெல்ஸ்' டேமர் ஆற்றங்கரை ஊர் ஒன்றின் தேவாலய மணிகளின் பெயர் கொண்டது. இரண்டும் தனியிசையே.

தனியிசையால் அவர் மனிதரை விட்டு விலகிப் போகவில்லை. 1981 இல் டிரம்ஸ் கலைஞர் ஜாக் டிஜோனெட்டுடன் இருவராக ஒரு தட்டைப் பதிவுசெய்தார். நோர்வேப் பாடகி காரின் குறோக் அவருடைய நெடுநாள் இசைத் துணை. 2024 இல், எண்பதை நெருங்கிய வயதில், நால்வர் குழு ஒன்றோடு 'வேர்ட்ஸ் அன்ஸ்போக்கன்' என்னும் தட்டை வெளியிட்டார். அம்முறை உண்மையாகவே நால்வர். பழைய தோழர்களில் ஸ்டு மார்ட்டின் 1980 இலேயே மறைந்துவிட்டார். கொங்ஸ்ஹௌக் 2019 இலும், பாரி பிலிப்ஸ் 2024 டிசெம்பரிலும் காலமாயினர்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நண்பர் கொழும்புக்கு வந்திருந்தார். அவர் வடக்கைவிட்டு ஒஸ்லோவுக்குக் குடிபெயர்ந்து பல காலம். எதற்காக அந்த ஒலிநாடாவை எனக்கு அனுப்பினீர் என்று கேட்டேன். தொழிற்சாலை விடுதியில் குளிர்காலம் முழுதும் வெளியே இருட்டாகவே இருக்கும் என்றும், உடனிருந்த நோர்வேஜியர் ஒருவர் அந்தத் தட்டை இரவில் போடுவார் என்றும், இருவருக்கும் பொதுமொழி கிடையாது என்றும் சொன்னார். "எனக்கு முதல்லை நாலைஞ்சு பேர் இருக்கினம் எண்டுதான் பட்டது அண்ணை. அவன்தான் உறையைக் காட்டி ஒரு விரலை நிமித்தினவன்."

அப்படியானால் நீரும் என்னைப்போலத்தானே தவறாக நினைத்தீர், பிறகேன் என்னைத் திருத்தச் சொன்னீர் என்றேன்.

"நான் அச்சிலை போடேல்லையே" என்றார்.